பெட்ரோல் பங்க்கை மாற்றினால் காருக்குக் கெடுதலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கார் வாங்கியவருக்கு வீட்டுப் பெரியவரோ பக்கத்து வீட்டுக்காரரோ தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: “ஒரே கம்பெனி பங்க்கில் போடுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் என்ஜின் போய்விடும்.” இந்த அறிவுரையை நம்பி, டேங்க்கில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் மூன்று பங்க்குகளைக் கடந்து போய், நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனவர்களை நான் அறிவேன். என்னிடம் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில், பெட்ரோலில் ஓடும் காரை மனத்தில் வைத்தே எல்லாம் எழுதப்பட்டுள்ளது.

வெவ்வேறு கம்பெனிகளின் பெட்ரோலை மாற்றி மாற்றிப் போட்டால் என்ஜின் கெட்டுவிடுமா?

கெடாது. இந்தியாவில் சட்டப்படி விற்கப்படும் பெட்ரோல் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த அளவுகளுக்குள் இருந்தாக வேண்டும். ஆக்டேன் எண் (அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு), கந்தகம், பென்சீன், அடர்த்தி, ஆவியாகும் தன்மை என ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. கார் தயாரிப்பாளர்களும் அந்த வரம்புகளை வைத்துத்தான் என்ஜினை வடிவமைக்கிறார்கள். எந்த ஒரு கம்பெனியின் பெட்ரோலையும் வைத்து அல்ல. காரோடு தரப்படும் கையேட்டைத் திறந்து பாருங்கள். ஆக்டேன் எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனால் எவ்வளவு வரை இருக்கலாம் என்பவை அதில் இருக்கும். “இன்ன கம்பெனிப் பெட்ரோலை மட்டும் போடுக” என்று கட்டாயமாக இராது.

கம்பெனி வேறு என்றால் பெட்ரோலும் வேறுதானே?

பெயர்ப்பலகையின் நிறம் வேறு என்பதால் பெட்ரோல் பிறந்த இடமும் வேறாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேரும் வழியைத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

சென்னைக்கு வடக்கே மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலை 1969இல் ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ என்ற பெயரில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில், இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமாக, ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு இயங்குகிறது. அங்கிருந்து பெட்ரோல் பூமிக்கடியில் பதித்த குழாய் வழியே திருச்சி, மதுரை என்று தெற்கே போகிறது. மேற்கு மாவட்டங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கொச்சியில் உள்ள பாரத் பெட்ரோலியத்தின் ஆலையிலிருந்து கோயம்புத்தூரை அடுத்த இருகூருக்கும் கரூருக்கும் குழாய் வருகிறது. குழாய் வந்து சேரும், ஆலை ஏதும் இல்லாத ஊர்களில் பெட்ரோலைச் சேமித்து வைக்கும் நிலையங்களைத்தான் டெர்மினல், டிப்போ என்கிறார்கள். டேங்கர் லாரிகள் வந்து வரிசையில் நின்று பெட்ரோல் ஏற்றுவது இங்கேதான்.

பலருக்கும் தெரியாத செய்தி இனிமேல்தான் வருகிறது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளும் ஒன்றின் சரக்கை மற்றொன்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நெடுங்காலமாக வைத்திருக்கின்றன. ஒரு பகுதியில் ஒரு கம்பெனிக்கு ஆலையும் குழாயும் இருந்து, மற்றொன்றுக்கு இல்லையென்றால், பல நூறு கிலோமீட்டர் லாரியில் கொண்டுவருவதைவிட அருகில் இருக்கும் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வதே அறிவார்ந்த செயல். ஆகவே உங்கள் தெருமுனையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கம்பெனிப் பங்க்குகளுக்கும் ஒரே தொட்டியிலிருந்து பெட்ரோல் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாயரா, ஜியோ-பிபி, ஷெல் போன்ற தனியார் கம்பெனிகளுக்கும் தர அளவுகள் இவைதாம்.

பழைய கம்பெனிப் பற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் தாத்தாக்கள் காலத்தில் இங்கே பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் தத்தம் பெட்ரோலே சிறந்தது என்று விளம்பரம் செய்து விற்றன. 1974 முதல் 1978 வரை அவை ஒவ்வொன்றாக அரசுடைமை ஆயின. பர்மா ஷெல் பாரத் பெட்ரோலியம் ஆனது. எஸ்ஸோவும் கால்டெக்ஸும் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் சேர்ந்தன. கம்பெனிகள் மாறி ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன; அந்த விளம்பரங்கள் விதைத்த நம்பிக்கை மட்டும் குடும்பச் சொத்தைப் போல அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வந்துகொண்டிருக்கிறது.

டேங்க்கில் பாதி ஒரு கம்பெனிப் பெட்ரோல் இருக்கும்போது, மீதியை வேறு பங்க்கில் நிரப்பலாமா?

தாராளமாக நிரப்பலாம். இரண்டும் ஒன்றோடொன்று முழுமையாகக் கலந்துவிடும். திரிவது, கட்டி சேர்வது, படிவது எதுவும் நடக்காது. 91 ஆக்டேன் பெட்ரோல் பாதி இருக்கும்போது 95 ஆக்டேனைப் பாதி ஊற்றினால் உள்ளே ஏறக்குறைய 93 ஆக்டேன் பெட்ரோல் இருக்கும், அவ்வளவுதான்.

“என் கார் ஒரு பெட்ரோலுக்குப் பழகிவிட்டது” என்கிறார்களே, அது உண்மையா?

இதில் சிறிது உண்மை இருப்பதால்தான் இந்தக் கருத்து நிலைத்து நிற்கிறது. இன்றைய கார்களில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி ஒன்று இருக்கிறது. புகைபோக்கிக் குழாயில் பொருத்தப்பட்ட ஆக்சிஜன் சென்சார் சொல்லும் தகவலைக் கொண்டு, ‘பெட்ரோல் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா’ என்று அது ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்த்து, இன்ஜெக்டர் தெளிக்கும் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அப்படித் திருத்தியதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. ஆகவே பெட்ரோலில் சிறு மாறுதல் வந்தால், முதல் சில கிலோமீட்டர்களில் கணினி தன் கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளும். பழகிக்கொள்வதற்கென்றே அமைந்த ஏற்பாடு அது. ஒரு பெட்ரோலுக்குப் பழகியதை மறந்து இன்னொன்றுக்குப் பழகுவதால் அதற்குத் தேய்மானமோ களைப்போ கிடையாது.

கார்புரேட்டர் வைத்த பழைய கார்களில் இந்த வசதி இல்லை. அவற்றில் காற்று, பெட்ரோல் விகிதத்தை மெக்கானிக் திருகைத் திருப்பி வைத்தது வைத்ததுதான். பெட்ரோலின் தன்மை மாறினால் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம், சற்று ஏறி இறங்கியிருக்கக் கூடும். பெரியவர்களின் அனுபவம் அந்தக் காலத்துக்குப் பொருந்தியதே. இன்றைய காருக்குப் பொருந்தாது.

ஒரு பங்க்கில் போட்டால் மைலேஜ் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது. இதை நானே கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படியானால்?

நீங்கள் கணக்கிட்டதில் ஐயமில்லை; கணக்கிட்ட முறையில்தான் பிழை நுழைகிறது. ஒரு முறை நிரப்பியபோது 450 கிலோமீட்டர் ஓடி, மறுமுறை 30 லிட்டர் பிடித்ததென்றால் மைலேஜ் 15 என்று எழுதுவீர்கள். ஆனால் தானாக நிற்கும் நாசில் ஒவ்வொரு பங்க்கிலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தரை சற்றுச் சரிந்திருந்தாலும், ஊழியர் வேகமாகப் பிடித்து நுரை எழுந்தாலும், நின்ற பிறகு “ரவுண்டாக்கிவிடட்டுமா” என்று மேலும் இரண்டு முறை அழுத்தினாலும், ஒரு லிட்டர் முன்பின் ஆகிவிடும். அந்த ஒரு லிட்டரால் 15 என்பது 14.5 ஆகவோ 15.5 ஆகவோ மாறும். ‘இந்த பங்க் மோசம், அந்த பங்க் நல்லது’ என்று முடிவு கட்டப் பலருக்கு இந்த அரைக் கிலோமீட்டரே போதுமானதாக இருக்கிறது.

இதோடு ஏசி ஓடிய நேரம், டயரின் காற்று, ஊருக்குள் சிக்னலில் நின்ற நேரம், வண்டியில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் சேரும். உண்மையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர், ஒரே பங்க்கில், ஒரே பம்பில், நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்தி, தொடர்ந்து நான்கைந்து முறை நிரப்பிச் சராசரி எடுக்க வேண்டும். பிறகு அடுத்த பங்க்கில் அதே வழித்தடத்துக்கு அவ்வாறே செய்ய வேண்டும். அப்படிச் செய்த பிறகும் ஒரு பங்க்கில் தொடர்ந்து குறைவாகவே வந்தால், கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் அந்த பங்க்கின் அளவையும் கலப்படத்தையும்தான் ஐயுற வேண்டும். அதற்கான சோதனைகளைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும் என்று சொல்வதையும் இங்கேயே முடித்துவிடலாம். பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பங்க்கின் தொட்டியோ மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மாலைக்கும் அதன் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை.

எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர் என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அவற்றிலாவது வேறுபாடு உண்டா?

உண்டு. இங்கேதான் வேறுபாடு மெய்யானது. இரண்டு தனித்தனிச் செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஒன்று ஆக்டேன், மற்றொன்று துப்புரவு செய்யும் சேர்மங்கள்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைச் சொல்வதன்று. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வது. பிளக் பொறி கொடுக்கும்வரை பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை காத்திருக்க வேண்டும். அதற்கு முறையாகக் காத்திராமல் சிலிண்டரின் ஓரத்தில் தானாக வெடித்தால் ‘நாக்கிங்’ வருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போல முன்பக்கத்திலிருந்து ஒரு கடகடப்பு கேட்குமே, அதுதான். தொடர்ந்து இருந்தால் பிஸ்டனைத் தின்றுவிடும்.

உங்கள் கார் கையேடு 91 ஆக்டேன் போதும் என்றால், 91 போட்டாலும் அந்த என்ஜினில் நாக்கிங் வராது. அதற்கு 95 போடுவதால் கூடுதல் சக்தியோ மைலேஜோ வரப்போவதில்லை. பருத்திச் சட்டை போதுமான வெயிலில் கம்பளிக்குக் காசு கொடுப்பதைப் போன்றது அது. ஆனால் கையேடு 95 கேட்டால், அதைக் கொடுத்தே ஆக வேண்டும். டர்போ வைத்த சில கார்களும் விலை உயர்ந்த ஐரோப்பியக் கார்களும் அப்படிக் கேட்பதுண்டு. குறைவான ஆக்டேனைப் போட்டால், நாக் சென்சார் அதைக் கேட்டுணர்ந்து, பொறி கொடுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டு என்ஜினைக் காப்பாற்றும். ஆனால் அதற்கு விலையாகப் பிக்கப்பும் மைலேஜும் குறையும். என்ன தேவை என்பது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அதை ஒரு முறைகூடப் படித்ததில்லை என்பது எனக்கு வருத்தமான செய்தி.

இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் வந்தபோது, டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அழுத்தம் மிகுந்த என்ஜின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் பைக்குகளுக்கும் அது பொருந்தும். சிறிய குடும்பக் காரில் அதை ஊற்றுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காசில் எண்ணெய் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடாமல் பாருங்கள், என்ஜினுக்கு அதுவே மேல்.

துப்புரவு செய்யும் சேர்மங்களால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் மெல்ல வரும் பயன். பெட்ரோல் எரியும்போது வால்வின் பின்புறத்திலும் இன்ஜெக்டரின் நுனியிலும் கரி படியும். அதைத் தடுக்கும் டிடெர்ஜென்ட் சேர்மங்களை விலை உயர்ந்த வகைகளில் கலக்கிறார்கள். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நான்கு கார் கம்பெனிகள் சேர்ந்து, அரசு விதித்த அளவைவிடக் கூடுதலாக இச்சேர்மங்களைக் கொண்ட பெட்ரோலுக்கு ‘டாப் டயர்’ என்று தனித் தரமே வகுத்தன. 2016இல் அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ நடத்திய சோதனையில், ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் ஓடியதற்கு நிகரான காலத்தில், அத்தரத்தில் சேராத பெட்ரோல்கள் சராசரியாக 19 மடங்கு கூடுதலான கரியை வால்வில் விட்டுச்சென்றன. பெட்ரோலுக்குப் பெட்ரோல் வேறுபாடே இல்லை என்று அடித்துப் பேசுகிறவர்கள் இதையும் கருத வேண்டும்.

எனினும் இதிலிருந்து ‘கம்பெனியை மாற்றினால் கெடும்’ என்ற முடிவு வரவில்லை. சேர்மம் உள்ள பெட்ரோலை ஒரு மாதம் போட்டுவிட்டு, அடுத்த மாதம் சாதாரணப் பெட்ரோலுக்குத் திரும்பினால், படிவு மறுபடி மெதுவாகத் தொடங்கும். அதைத் தவிர வேறு கேடு இல்லை. மாதத்துக்கு ஒரு முறையோ, நெடும்பயணத்துக்கு முன்போ ஒரு டேங்க் விலை உயர்ந்த வகையை நிரப்புவது நியாயமான நடுவழி என்பது என் கருத்து.

ஒரு விலக்கு உண்டு. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் புதிய வகை என்ஜின்களில், வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. ஆகவே அங்கே படியும் கரியை எந்தப் பெட்ரோலாலும் கழுவ முடியாது. இன்ஜெக்டரை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளும்.

கடையில் விற்கும் சிறிய பாட்டில் மருந்தை டேங்க்கில் ஊற்றலாமா?

ஓடிக்கொண்டிருக்கும் நல்ல காருக்குத் தேவையில்லை. ‘ஆக்டேன் பூஸ்டர்’ என்று விற்பவற்றில் சில உலோகச் சேர்மங்களைக் கொண்டவை. அவை பிளக்கிலும் சென்சாரிலும் படியும்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. எத்தனால் இல்லாத கம்பெனிக்கு மாறலாமா?

சாதாரணப் பெட்ரோலில் கம்பெனியை மாற்றுவதால் இதில் பயனில்லை. எத்தனால் கலப்பது அரசின் கொள்கை; தனியொரு கம்பெனியின் விருப்பமன்று. நாடு முழுவதும் 10 விழுக்காடு கலப்பு 2022 ஜூன் மாதம் எட்டப்பட்டது. 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்புச் சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்தும் மக்காச்சோளம், அரிசி போன்ற தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் எத்தனாலை, டெர்மினலில் லாரி ஏற்றும் இடத்தில்தான் பெட்ரோலோடு சேர்க்கிறார்கள்.

மைலேஜ் குறைவது கற்பனையன்று. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்களில் இ20 போட்டால் 6 முதல் 7 விழுக்காடும், 10 விழுக்காட்டுக்கு வடிவமைத்து இ20க்குச் சரிசெய்தவற்றில் 1 முதல் 2 விழுக்காடும் எரிபொருள் சிக்கனம் குறையும் என்று கணக்கிட்டது. மறுபக்கத்தில், எத்தனாலின் ஆக்டேன் 100க்கும் மேல் என்பதால் நாக்கிங்கைத் தாங்கும் தன்மை கூடுகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ரப்பர் குழாய்களையும் சீல்களையும்தான். எத்தனால் சில வகை ரப்பரை ஊறவைத்து மிருதுவாக்கி, பிறகு விரிசல் விடச் செய்யும். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்களில் இதைத் தாங்கும் பொருள்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன. அதற்கு முந்தைய கார் என்றால், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் டேங்க்கிலிருந்து என்ஜின் வரை உள்ள பெட்ரோல் குழாயைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் நாளை என்று தள்ள வேண்டாம்.

அப்படியானால் எங்கே போட்டாலும் ஒன்றா?

இல்லை. கம்பெனி எது என்பதைவிட பங்க் எது என்பதே முக்கியம். ஆலையிலும் குழாயிலும் டெர்மினலிலும் சோதனைக்கு மேல் சோதனை நடக்கிறது. லாரி வெளியே கிளம்பியது முதல் உங்கள் டேங்க்கில் விழுவது வரை உள்ள கடைசிப் பகுதியில்தான் தண்ணீரும் தூசியும் கலப்படமும் நுழைய இடம் இருக்கிறது.

இதை நான் செலவழித்துக் கற்றேன். எட்டு ஆண்டுகளாக ஒரே கம்பெனிப் பெட்ரோலையே போட்டு வந்தவன் நான். ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழைக்குப் பின், வழியில் ஒரு சிற்றூரில் அதே கம்பெனியின் பங்க்கில் 15 லிட்டர் நிரப்பினேன். தொட்டியின் மூடிகள் இருந்த இடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன், பார்த்தும் பொருட்படுத்தவில்லை. நான்காவது கிலோமீட்டரில் வண்டி குலுங்கத் தொடங்கியது, மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்தது, புளியமரம் ஒன்றின் கீழ் நின்றுவிட்டது. வந்த மெக்கானிக், “மிஸ்ஸிங் அடிக்கிறது சார், பெட்ரோலைப் பார்க்கலாம்” என்று குழாயைக் கழற்றிக் காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். பாட்டிலை காரின் முன்மூடி மேல் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். கலங்கலாக இருந்தது மெல்ல இரண்டாகப் பிரிந்தது. மேலே ஆரஞ்சு நிறப் பெட்ரோல். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு அரிசி கழுவிய நீரைப் போல ஒன்று. அதைப் பார்த்த கணத்தில் எட்டு ஆண்டுக் கம்பெனிப் பற்றும் என்னை விட்டுப் போயிற்று. டேங்க்கை இறக்கிக் கழுவி, ஃபில்டரை மாற்றி, ஒரு நாளும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேலும் போயின.

எத்தனால் கலந்த பிறகு இந்த ஆபத்து வேறு வடிவம் எடுத்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். சிறிதளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும்; அளவு மீறினால், எத்தனாலே பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். காரின் பம்ப் உறிஞ்சுவது அந்த அடித்தட்டிலிருந்துதான். இதற்காகவே பங்க்குகளில் தொட்டிக்குள் விடும் அளவுகோலின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி நாள்தோறும் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பார்க்கும் பங்க்கும் உண்டு, பாராத பங்க்கும் உண்டு. பெயர்ப்பலகையில் அது எழுதியிராது.

நல்ல பங்க்கை எப்படி அறிவது?

விற்பனை மிகுந்த பங்க்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தொட்டியில் பெட்ரோல் தேங்கி நிற்பதில்லை. கம்பெனியே நேரடியாக நடத்தும் பங்க்குகள் ‘கோகோ’ என்ற குறியோடு சில ஊர்களில் இருக்கின்றன; கண்காணிப்பு அங்கே பொதுவாகக் கூடுதல். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது போடாமல், அரை மணி நேரம் கழித்துப் போடுவது நல்லது. தொட்டியின் அடியில் கிடப்பது கலங்கி அடங்க நேரம் வேண்டும். மழைக்காலத்தில், தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கிய பங்க்கைத் தவிர்த்துவிடுங்கள்.

பங்க்கில் என்ன சோதனைகளைக் கேட்க எனக்கு உரிமை உண்டு?

மூன்று சோதனைகளைத் தயங்காமல் கேட்கலாம். முதலாவது ஃபில்டர் பேப்பர் சோதனை. நாசிலின் நுனியைத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டுப் பெட்ரோலை வெள்ளைத் தாளின் மேல் விட வேண்டும். சுமார் இரண்டு நிமிடத்தில் அது உலர்ந்துவிடும். இளஞ்சிவப்பாக நிறம் நின்றால் அஞ்ச வேண்டாம். அது பெட்ரோலுக்கு ஊட்டிய சாயம். கருத்த கறையோ எண்ணெய்ப் பிசுக்கோ நின்றால் மண்ணெண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

இரண்டாவது அடர்த்திச் சோதனை. கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை ஊற்றி, ஹைட்ரோமீட்டரையும் வெப்பமானியையும் மிதக்கவிட்டு, படித்த அளவை அட்டவணை பார்த்து 15 டிகிரிக்கு மாற்றுவார்கள். பெட்ரோலின் அடர்த்தி கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பரந்த வரம்பை அல்ல. அன்று லாரியில் வந்த சரக்கின் சலானில் எழுதிய அடர்த்திக்கும் இப்போது வந்த எண்ணுக்கும் 3க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அடர்த்தி ஒத்துப்போகும்படி கலந்த கரைப்பானை இது காட்டிக்கொடுக்காது.

மூன்றாவது அளவுச் சோதனை. சட்டமுறை எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் குவளை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்தால் 25 மில்லிலிட்டருக்கு மேல் குறையக் கூடாது.

நான் கேட்டபோது பல பங்க்குகளில் முகம் சுளிக்காமல் செய்து காட்டியிருக்கிறார்கள். ஊழியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். வெயிலில் நாள் முழுதும் நிற்கிற அவர் கலப்படம் செய்கிறவர் அல்லர்.

அமெரிக்காவில் 87 ஆக்டேன் விற்கிறார்கள். நம் 91 அதைவிட உயர்ந்ததா?

அளக்கும் முறைதான் வேறு. நாம் எழுதுவது ஆராய்ச்சி ஆக்டேன் எண். அங்கே எழுதுவது இரண்டு முறைகளில் வந்த எண்களின் சராசரி. அங்கத்திய 87 இங்கத்திய 91க்கு ஏறக்குறைய நிகர்.

கெட்ட பெட்ரோல் போட்டுவிட்டதாகத் தோன்றினால் உடனே என்ன செய்வது?

வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரியாகுமா என்று சோதிக்க வேண்டாம். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். பெட்ரோல் காரில் தவறுதலாக டீசலை நிரப்பிவிட்டாலும் இதுவே விதி. அப்போது சாவியையே திருப்பக் கூடாது. டேங்க்கிலிருந்து எடுக்கும் பெட்ரோலில் ஒரு லிட்டரையாவது, மெக்கானிக்கைக் கொண்டு, உலோகக் கேனில் மூடிப் பத்திரப்படுத்துங்கள். நிரப்பிய ரசீதும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பும் உங்கள் கையில் இருக்கும் சான்றுகள். பங்க்கில் இருக்கும் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு, நாள், நேரம், பம்ப் எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கம்பெனி அதிகாரியின் தொலைபேசி எண் பங்க்கின் பலகையிலேயே இருக்கும். அன்றே அழைத்துச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், அதற்குள் அந்தத் தொட்டியில் புதுச் சரக்கு இறங்கியிருக்கும். என் விஷயத்தில் ரசீது வாங்காமல் கிளம்பியதால்தான் அந்த ஆறாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. இப்போது 200 ரூபாய்க்குப் போட்டாலும் ரசீதைக் கேட்டு வாங்கி, அடுத்த முறை நிரப்பும் வரை டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.